யார் உடைத்தால் பொன்குடம்?

மாமியார் உடைத்தால் மண்குடம். மருமகள் உடைத்தால் பொன்குடம்! இந்தப் பழமொழியை அறியாத வீடு நம் நாட்டில் இல்லை. குடம் ஒன்றுதான். கை தவறியதும் ஒன்றுபோலத்தான். சிதறிக் கிடக்கும் ஓடுகளும் ஒரே மண்தான். ஆயினும், உடைத்தவர் யார் என்று பார்த்த பின்னரே, உடைந்தது மண்ணா பொன்னா என்று முடிவு கட்டப்படுகிறது! குற்றத்தைப் பார்த்துத் தண்டனை தந்தால் அதற்குப் பெயர் நீதி. ஆளைப் பார்த்துக் குற்றத்தை அளந்தால் அதற்குப் பெயர் ஆதிக்கம்.

பழமொழி பேசுவது அடுக்களையைப் பற்றி. இன்று உங்களிடம் நான் பேச விரும்புவது பள்ளிக்கூடத்தைப் பற்றி. அதுவும், செல்வத்தில் சிறந்தது, அறிவியலில் உயர்ந்தது, விடுதலைத் தேவியின் சிலையைத் துறைமுக வாயிலிலே நிறுத்தி வைத்திருப்பது என்று உலகோர் வியந்து பேசும் அமெரிக்க நாட்டின் பள்ளிக்கூடத்தைப் பற்றி. அங்கே பிள்ளைகளைத் திருத்துவதற்கென்று எடுக்கப்படும் கோல், எவர் முதுகில் ஓங்கி விழுகிறது, எவர் முதுகை வருடிச் செல்கிறது என்று பார்ப்போம், வாருங்கள்.

1954ஆம் ஆண்டு மே 17ஆம் நாள், அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து ஒரு தீர்ப்பளித்தனர். தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் அதனைப் படித்தார். வெள்ளையர் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, கறுப்பினத்தார் பிள்ளைகளுக்கு வேறொரு பள்ளி என்று அரசே பிரித்து வைப்பது அரசியல் சட்டத்துக்கு மாறானது என்றது அத்தீர்ப்பு. தனித்தனியே வைத்தாலும் சமமாகவே வைத்திருக்கிறோம் என்று 1896ஆம் ஆண்டு முதல் சொல்லி வந்த சாக்குக்கு, பள்ளிகளைப் பொறுத்தமட்டில், அன்று சாவுமணி அடிக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாய்ப் பூட்டிக் கிடந்த கதவு திறந்தது.

திறந்த கதவின் வழியே உள்ளே சென்ற பிள்ளைகள் என்ன ஆனார்கள்?

ஆர்கன்சா மாநிலத்தின் தலைநகர் லிட்டில் ராக். அங்குள்ள சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளிக்கு, 1957 செப்டம்பரில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் படிக்கச் சென்றனர். ஆறு பெண்கள், மூன்று பையன்கள். அந்த ஒன்பது பேரைத் தடுக்க, மாநிலக் கவர்னர் ஃபாபஸ் படையை நிறுத்தினார். பள்ளியின் முன் வெறிபிடித்த கும்பல் கூடிக் கூச்சலிட்டது. முடிவில், குடியரசுத் தலைவர் ஐசனோவர் 101ஆவது வான்குடைப் படைப்பிரிவை அனுப்ப, துப்பாக்கி ஏந்திய சிப்பாய்கள் துணைவர அந்தப் பிள்ளைகள் பள்ளிப் படியேறினர். அந்தப் படம் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. பார்த்தவர் நெஞ்சு பதறியது. பின்னர் நிம்மதிப் பெருமூச்சும் விட்டது. அப்பாடா, உள்ளே சென்றுவிட்டார்கள்!

ஆம், உள்ளே சென்றுவிட்டார்கள். ஆனால், தோழர்களே, பள்ளியின் உள்ளே படம் பிடிப்பவர் இல்லை!

ஒன்பதின்மரில் ஒருத்தி மினிஜீன் பிரௌன். வயது பதினாறு. நடைவழியில் இடிப்பார்கள், காலை இடறுவார்கள், காது கூசும் சொற்களால் ஏசுவார்கள். எது நேரினும் எதிர்த்து ஒரு சொல் பேசக்கூடாது, ஒரு விரலை உயர்த்தக்கூடாது என்பது அந்த ஒன்பது பேருக்கும் விதிக்கப்பட்ட கட்டளை. டிசம்பர் 17ஆம் நாள் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில், தட்டேந்தி நடந்த மினிஜீனின் வழியில் சில பையன்கள் நாற்காலிகளைத் தள்ளித் தள்ளி மறித்தனர். அவள் கையிலிருந்த குழம்புக் கிண்ணம் இருவர் தலைமேல் கவிழ்ந்தது. அங்கே சமையற்பணியில் இருந்த கறுப்பினத் தொழிலாளர் கைதட்டினர் என்று, ஒன்பதின்மரில் ஒருவரான எர்னஸ்ட் கிரீன் பிற்காலத்தில் சொன்னார். பள்ளி நிர்வாகம் கைதட்டவில்லை. ஆறு நாள் பள்ளிக்கு வராதே என்று அவளை இடைநீக்கம் செய்தது.

1958 பிப்ரவரியில், ஏளனம் செய்த வெள்ளைப் பெண்ணுக்கு அவள் ஒரு வசைச்சொல்லால் பதில் தந்தாள். அவ்வளவுதான். அந்தக் கல்வியாண்டு முழுமைக்கும் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டாள். வெள்ளை மாணவர் சிலரும் அந்த ஆண்டில் தண்டனை பெறாமல் இல்லை. ஆனால், நாள்தோறும் துன்புறுத்திய கூட்டத்தில் பெரும்பாலோர் பாடம் படித்துக்கொண்டே இருந்தனர். துன்புற்றவள் தெருவுக்கு அனுப்பப்பட்டாள். அவள் சென்ற பிறகு அப்பள்ளியில் கைக்குக் கை ஒரு சிறு அட்டை வழங்கப்பட்டது. ஒன்று தொலைந்தது, இன்னும் எட்டுப் பாக்கி என்பது அதன் பொருள்!

இந்த நிகழ்ச்சியை மீண்டும் ஒரு முறை எண்ணிப் பாருங்கள். கும்பலின் கூச்சலால் அந்தப் பெண்ணை வெளியேற்ற முடியவில்லை. கவர்னரின் படையால் முடியவில்லை. ஆனால் பள்ளியின் ஒழுங்கு நடவடிக்கை என்ற ஒரு தாள், ஒரு கையெழுத்து, அரவமே இல்லாமல் அவளை வெளியே அனுப்பிவிட்டது. உச்ச நீதிமன்றம் திறந்து வைத்த முன்வாசல் அப்படியே திறந்துதான் இருந்தது. அவள் வெளியேறியது பின்வாசல் வழியாக. அந்தப் பின்வாசலின் பெயர்தான் ஒழுங்கு!

இது ஒரு பள்ளியின் கதை என்றோ, ஒரு பெண்ணின் கதை என்றோ, என்றைக்கோ நடந்து முடிந்த பழங்கதை என்றோ எண்ணிவிடாதீர்கள்.

ஒரே பள்ளியில் இரு இனத்தாரும் சேர்ந்து படிக்க வேண்டும் என்றவுடன், மூடப்பட்ட பள்ளிகள் எவை தெரியுமா? பெரும்பாலும் கறுப்பினத்தாரின் பள்ளிகள். வேலை இழந்த ஆசிரியர் எவர்? கறுப்பின ஆசிரியர். 1954க்கும் 1965க்கும் இடையே, தென் மாநிலங்களிலும் அவற்றின் எல்லை மாநிலங்களிலுமாக 17 மாநிலங்களில், 38,000க்கு மேற்பட்ட கறுப்பின ஆசிரியர்களும் தலைமை ஆசிரியர்களும் பணி இழந்தனர் என்று கணக்கிட்டிருக்கின்றனர். பிள்ளைகள் புதிய பள்ளிக்குச் சென்றனர்; அவர்களைப் பெயர் சொல்லி அழைத்தவர்கள், அவர்கள் வீட்டு நிலையை அறிந்தவர்கள், கண்டிக்கும்போதும் கனிவை மறக்காதவர்கள் உடன் செல்லவில்லை. மாணவர் வரிசையில் சமத்துவம் நுழைந்தது. ஆசிரியர் நாற்காலியில் அது அமரவில்லை.

விளைவு என்ன? 1972–73 கல்வியாண்டில் மட்டும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் பள்ளிகளிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டனர் என்று, மரியன் ரைட் எடல்மன் அம்மையார் தோற்றுவித்த குழந்தைகள் பாதுகாப்பு நிதி என்ற அமைப்பு 1975இல் எடுத்துக்காட்டியது. அரசாங்கம் திரட்டிய புள்ளிகளையே எடுத்து வைத்துச் சொன்னது. வெள்ளைப் பிள்ளைகளைவிடக் கறுப்பினப் பிள்ளைகள் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு விகிதத்தில் விரட்டப்பட்டனர் என்று அன்றே சொன்னது.

அதே 1975இல், ஒஹையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரின் மாணவர்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பளித்தது. பத்து நாள் வரையிலான இடைநீக்கமாயினும், செய்த குற்றம் இன்னது என்று மாணவனுக்குச் சொல்ல வேண்டும். அவன் தரப்பைக் கேட்க வேண்டும் என்றது. ஐவர் ஒரு பக்கம், நால்வர் மறுபக்கம்! உன் குற்றம் என்ன என்று ஒரு பிள்ளையிடம் சொல்வதற்கே அந்த நாட்டில் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில்தான் உரிமை பிறந்தது.

இரண்டே ஆண்டுகள் கழித்து, 1977இல், அதே மன்றம் அதே ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் வேறொரு தீர்ப்பும் தந்தது. புளோரிடா மாநிலத்தில் 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் ஒருவனை, ஆசிரியர் சொன்னதற்கு உடனே கீழ்ப்படியவில்லை என்பதற்காக, மரத்துடுப்பால் இருபது அடிக்கு மேல் அடித்திருந்தனர். சதை கன்றிச் சிறுவன் பல நாள் பள்ளிக்கே வர முடியாமல் படுத்துவிட்டான். கொடுந்தண்டனையைத் தடை செய்யும் அரசியல் சட்ட விதி, குற்றவாளி என்று தீர்ப்புப் பெற்றவர்க்கே உரியது. பள்ளி மாணவர்க்குப் பொருந்தாது என்றது மன்றம். அதாவது, அந்த விதி சிறைக்கதவு வரை செல்லும். பள்ளிக்கதவு வரை வராது!

அடுத்து வந்தது 1994ஆம் ஆண்டுச் சட்டம். பள்ளிக்குத் துப்பாக்கி கொண்டு வருபவனை ஓராண்டு நீக்க வேண்டும் என்றது. துப்பாக்கி கொண்டு வருபவனை விலக்குவதை யார் மறுப்பார்? ஆனால் துப்பாக்கிக்கென்று தொடங்கிய கடுமை, துடுக்குச் சொல்லுக்கும் தொப்பிக்கும் பரவியது. சிறிதும் பொறுப்பதில்லை என்பதே கொள்கை என்று பள்ளிகள் பெருமை பேசின. பள்ளி வாயிலில் போலீஸ்காரர் நிலையாக அமர்ந்தார். பொறுமையை விலக்கிவிட்ட பள்ளி, எவரிடம் முதலில் பொறுமை இழந்தது? அதை நான் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்க அரசின் கணக்கே சொல்கிறது.

2011–12ஆம் கல்வியாண்டுக்கு அமெரிக்கக் கல்வித் துறை திரட்டி, 2014இல் வெளியிட்ட கணக்கைக் கேளுங்கள். கறுப்பினப் பையன்களில் நூற்றுக்கு 20 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டனர். வெள்ளைப் பையன்களில் நூற்றுக்கு 6. கறுப்பினப் பெண் பிள்ளைகளில் நூற்றுக்கு 12. வெள்ளைப் பெண் பிள்ளைகளில் நூற்றுக்கு 2.

இந்த நான்கு எண்களையும் நெஞ்சில் நிறுத்துங்கள். பையன்களிடையே மூன்று மடங்குக்கு மேல். பெண்களிடையே ஆறு மடங்கு! பெண் பிள்ளைகள் பையன்களைவிடச் சாதுவானவர்கள், ஆகவே குறைவாகத் தண்டிக்கப்படுகிறார்கள் என்று பொதுவில் சொல்வதுண்டு. கறுப்பினப் பெண்ணுக்கு அந்தச் சலுகை இல்லை. வெள்ளைப் பையனைவிட இரண்டு மடங்கு விகிதத்தில் அவள் வீட்டுக்கு விரட்டப்படுகிறாள்!

இன்னும் ஒன்று. ஐந்து வயதும் நிரம்பாத, மழலை மாறாத மதலைகள் படிக்கும் முன்பள்ளிகளைப் பாருங்கள். அங்கே பயின்ற பிள்ளைகளில் கறுப்பினத்தார் நூற்றுக்கு 18. ஒரு முறைக்கு மேல் இடைநீக்கம் செய்யப்பட்ட பிள்ளைகளில் அவர்கள் நூற்றுக்கு 48. மண்ணில் விளையாடும் பருவத்தில் இடைநீக்கம்! பால்பல் விழாத வாய்க்குப் பொல்லாதவன் என்ற பட்டம்!

“அந்தப் பிள்ளைகள் அதிகம் குற்றம் செய்கிறார்கள், அதனால் அதிகம் தண்டிக்கப்படுகிறார்கள். இதில் என்ன அநியாயம்?” இப்படிக் கேட்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். கேள்வியை ஒதுக்கிவிட வேண்டாம். நேருக்கு நேர் நின்று விடை சொல்வோம்.

இந்தியானா பல்கலைக்கழகத்தின் ரஸ்ஸல் ஸ்கிபா என்ற பேராசிரியரும் அவருடைய தோழர்களும், பெருநகரம் ஒன்றின் 19 நடுநிலைப் பள்ளிகளைச் சேர்ந்த 11,001 மாணவர்களின் 1994–95ஆம் ஆண்டுத் தண்டனைப் பதிவேடுகளைப் புரட்டினார்கள். 2002இல் அதன் முடிவை வெளியிட்டார்கள். வெள்ளை மாணவர் எதற்காகத் தலைமை ஆசிரியரிடம் அதிகம் அனுப்பப்பட்டனர்? புகை பிடித்ததற்கு, சொல்லாமல் பள்ளியை விட்டுச் சென்றதற்கு, பொருள்களைச் சேதப்படுத்தியதற்கு, ஆபாசம் பேசியதற்கு. கறுப்பின மாணவர் எதற்காக அதிகம் அனுப்பப்பட்டனர்? மரியாதைக் குறைவு, அதிக இரைச்சல், மிரட்டும் தோரணை, வீணே சுற்றித் திரிதல்.

வேறுபாடு விளங்குகிறதா, தோழர்களே? முதல் பட்டியலில் உள்ளவற்றுக்குத் தடயம் உண்டு. புகைத்தால் துண்டு கிடக்கும். உடைத்தால் ஓடு கிடக்கும். இரண்டாம் பட்டியலுக்குத் தடயம் எங்கே? மரியாதை குறைந்தது என்பதை எந்தப் படியால் அளப்பது? இரைச்சல் அதிகம் என்பதை எந்தத் தராசில் நிறுப்பது? அந்தக் குற்றங்கள் வாழ்வது பிள்ளையின் செயலில் மட்டுமன்று, பார்ப்பவரின் கண்ணிலும்தான். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்!

டெக்சாஸ் மாநிலத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் மாணவர்களை, ஏழாம் வகுப்பிலிருந்து ஆண்டாண்டாகத் தொடர்ந்து ஆராய்ந்து, 2011இல் அறிக்கை ஒன்று வந்தது. அங்கே எடுக்கப்பட்ட நடவடிக்கைகளில், தண்டித்தே ஆக வேண்டும் என்று மாநிலச் சட்டம் கட்டளையிட்ட குற்றங்களுக்கானவை நூற்றுக்கு 3 மட்டுமே. மற்றவை யாவும் பள்ளியின் விருப்பத்துக்கு விடப்பட்டவை. சட்டம் கட்டளையிட்ட கொடுங்குற்றங்களில் கறுப்பின மாணவர் வெள்ளையரை மிஞ்சி நிற்கவில்லை. விருப்பத்துக்கு விடப்பட்ட இடத்தில்தான் மிஞ்சினார்கள்! வறுமை, மதிப்பெண், வருகை என 83 கூறுகளைக் கணக்கில் எடுத்து, ஒத்த நிலையிலுள்ள மாணவர்களை ஒப்பிட்டுப் பார்த்தபோதும், கறுப்பின மாணவர் தண்டனை பெறும் வாய்ப்பு நூற்றுக்கு 31 பங்கு கூடுதலாகவே நின்றது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் இருவர் 2015இல் வெளியிட்ட சோதனை அதனினும் எளியது. ஆசிரியர்களிடம் ஒரு மாணவனின் சிறு தவறுகள் இரண்டினை எழுதிய தாளைக் கொடுத்தார்கள். தவறுகள் ஒன்றே, எழுத்தும் ஒன்றே. பெயரை மட்டும் மாற்றினார்கள். சிலர் தாளில் கறுப்பினத்தார் வைக்கும் பெயர். சிலர் தாளில் வெள்ளையர் வைக்கும் பெயர். முதல் தவறில் பெரிய வேறுபாடு தோன்றவில்லை. இரண்டாம் தவறு வந்ததும், கறுப்பினப் பெயர் உள்ள மாணவனுக்குக் கடுந்தண்டனை வேண்டும் என்று ஆசிரியர்கள் கருதினார்கள். யேல் பல்கலைக்கழகத்தில் 2016இல் நடந்த சோதனையில், முன்பள்ளி ஆசிரியர்களுக்குக் குழந்தைகள் விளையாடும் படம் ஒன்றைக் காட்டி, குறும்பு எங்கே தொடங்குகிறது என்று கவனிக்கச் சொன்னார்கள். படத்தில் குறும்பே கிடையாது! ஆயினும், ஆசிரியரின் விழிகள் கறுப்பினப் பையன் மீதே அதிகம் நிலைத்தன என்று கருவி காட்டியது. தேடும் கண் அங்கேயே தேடினால், கிடைப்பதும் அங்கேயே கிடைக்கும் அன்றோ?

அந்த ஆசிரியர்கள் எல்லாம் கொடியவர்கள் என்று நான் சொல்லவில்லை. மனமறிந்து வஞ்சகம் செய்யும் ஒருவர் கூட இல்லாத பள்ளியிலும் இந்த அநீதி நடக்கும் என்பதுதான் செய்தி. கொடியவனைக் கண்டுபிடித்துவிட்டால் விலக்கலாம். பழக்கமாகிப் போன பார்வையை எந்த ஆணையிட்டு விலக்குவது?

பையனை அந்தப் பார்வை அபாயக்காரன் ஆக்குகிறது. பெண்ணை என்ன செய்கிறது? குழந்தைப் பருவத்தையே பறித்துக்கொள்கிறது. ஐந்து வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள கறுப்பினப் பெண் குழந்தைகளை, அதே வயது வெள்ளைப் பெண் குழந்தைகளைவிட விவரம் தெரிந்தவர்களாக, அரவணைப்பும் ஆறுதலும் குறைவாகத் தேவைப்படுபவர்களாகப் பெரியவர்கள் கருதுகின்றனர் என்று ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரி 2017இல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. ஐந்து வயதுக் குழந்தைக்கு ஆறுதல் வேண்டாமாம்!

பெண் சிரித்தால் போச்சு என்று சொல்லிப் பழகிய நாட்டினருக்கு இது புரியாத செய்தி அல்ல. பெண் என்பதால் அடங்கியிருக்க வேண்டும் என்கிறது ஒரு விதி. கறுப்பினம் என்பதால் பணிந்திருக்க வேண்டும் என்கிறது மற்றொரு விதி. அவள் நிமிர்ந்து ஒரு கேள்வி கேட்டால், இரண்டு விதிகளையும் ஒருசேர மீறியவள் ஆகிறாள். வெள்ளைப் பையன் கேட்டால் அறிவுக் கூர்மை. அவள் கேட்டால் அடங்காமை!

மயிர் முடியும் குற்றமாயிற்று, தோழர்களே! மாசசூசெட்ஸ் மாநிலப் பள்ளி ஒன்றில் 2017இல், கறுப்பினச் சகோதரிகள் இருவர் தங்கள் குல வழக்கப்படி சடைகளைப் பின்னி வந்ததற்காகத் தண்டிக்கப்பட்டனர். அம்மாநில அரசின் தலைமை வழக்கறிஞர் குறுக்கிட்ட பின்னரே பள்ளி பின்வாங்கியது. தலைமுடியின் இயல்பைக் காட்டி எவரையும் ஒதுக்கக்கூடாது என்று 2019இல் கலிபோர்னியாவும், 2022இல் மாசசூசெட்ஸும் சட்டமே இயற்ற வேண்டி வந்தது.

தென் கரோலினாவில் நடந்தது இதனினும் கொடிது. 2015 அக்டோபரில், வகுப்பை விட்டு வெளியேற மறுத்த கறுப்பின மாணவியை, அமர்ந்திருந்த மேசையோடு கவிழ்த்துத் தரையில் இழுத்தெறிந்தார் பள்ளியில் இருந்த காவலர். கண்டு பொறாமல் குரல் கொடுத்த மற்றொரு மாணவியும் கைது செய்யப்பட்டாள். படக்கருவியில் பதிவாகி நாடே கொதித்தது. காவலர் வேலை இழந்தார். ஆனால் அந்தப் பெண்கள் மீது ஏவப்பட்ட சட்டம் எது? பள்ளிக்கு இடையூறு விளைவித்தல் என்ற சட்டம். 1919இல், மகளிர் கல்வி நிலையங்களில் புகுந்து தொல்லை தரும் ஆடவரைத் தடுக்கப் பிறந்த சட்டம்! பெண்ணைக் காக்கப் போட்ட வேலி, பெண்ணையே மேய்ந்தது. 2018இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. எது இடையூறு என்று தெளிவில்லாத அந்தச் சட்டத்தை மாணவர்மீது ஏவியது அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாதது என்று மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2023இல் சொன்னது.

இவ்வளவு நடந்தும், இந்தப் பெண்ணின் துயரம் ஏன் நெடுநாள் வெளியே தெரியவில்லை? கணக்கெடுத்த முறையில் இருக்கிறது விடை. இனவாரியாகக் கணக்கெடுத்தால், கறுப்பினப் பையன் முன்னே நிற்கிறான்; அவன் நிழலில் அவள் மறைகிறாள். ஆண், பெண் என்று கணக்கெடுத்தால், பெண்கள் குறைவாகத் தண்டிக்கப்படுகிறார்கள் என்று முடிகிறது. வெள்ளைப் பெண்ணின் நிழலில் அவள் மறைகிறாள். இரண்டு பட்டியலிலும் இருக்கிறாள். எந்தப் பட்டியலிலும் தெரிவதில்லை! இரு ஒடுக்குமுறைகள் வெட்டிக்கொள்ளும் சந்தியில் நிற்பவளை, ஒரே தெருவை மட்டும் பார்ப்பவர் காணமாட்டார் என்று கிம்பர்லே கிரென்ஷா என்ற கறுப்பினச் சட்டப் பேராசிரியை 1989இலேயே எடுத்துரைத்தார். இரண்டையும் சேர்த்து எண்ணியபோதுதான் உண்மை வெளிவந்தது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2024இல் தந்த அறிக்கையின்படி, 2017–18இல் அரசுப் பள்ளி மாணவிகளில் கறுப்பினத்தார் நூற்றுக்கு 15. மாணவியர்க்கு விதிக்கப்பட்ட இடைநீக்கங்களில் அவர்கள் தலையில் விழுந்தவை நூற்றுக்கு 45!

சரி, ஒழுங்கே வேண்டாமா? ஒருவன் இரைச்சலிட்டால் மற்ற முப்பது பேர் எப்படிப் படிப்பார்கள்? நியாயமான கேள்வி. வகுப்பறையில் ஒழுங்கு வேண்டும். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அது மற்றவர்க்கு வேண்டுவதைவிட அதிகமாகவே வேண்டும். அவனுக்குப் பள்ளியை விட்டால் படிக்க வேறிடம் இல்லை. ஆனால் வீட்டுக்குத் துரத்துவதால் ஒழுங்கு வளர்கிறதா? டெக்சாஸ் அறிக்கையையே கேளுங்கள். பள்ளியின் விருப்பத்துக்கு விடப்பட்ட குற்றத்துக்காக விலக்கப்பட்ட மாணவன், அடுத்த ஆண்டிலேயே சிறார் நீதிமன்றத் துறையின் வாயிலில் நிற்கும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு என்கிறது அது. பாடத்தில் பின்தங்கியவனைப் பாடத்திலிருந்து விலக்குகிறார்கள்; பின் அவன் ஏன் தேறவில்லை என்று வியக்கிறார்கள்!

மாற்று வழி இல்லாமல் இல்லை. மனம்போன அடங்காமை என்ற மழுப்பலான குற்றத்துக்காக எவரையும் இடைநீக்கம் செய்யலாகாது என்று லாஸ் ஏஞ்சல்ஸ் நகரப் பள்ளி நிர்வாகம் 2013இல் முடிவெடுத்தது. கலிபோர்னியா மாநிலம் 2014இல் மூன்றாம் வகுப்பு வரையிலும், 2019இல் எட்டாம் வகுப்பு வரையிலும், 2023இல் உயர்நிலைப் பள்ளி வரையிலும் அதனைச் சட்டமாக்கிற்று. இடைநீக்கங்கள் பெரிதும் குறைந்தன. இனவாரி வேற்றுமை முற்றிலும் ஒழிந்துவிடவில்லை என்பதும் உண்மை. ஒரு வாசலை அடைத்தாற்போதும் என்று உறங்கிவிட முடியாது என்பதற்கு அதுவே சான்று. வட கரோலினா மாநிலத்தில் 2017இல் வெளிவந்த ஆராய்ச்சியோ, கறுப்பின ஆசிரியரிடம் பயிலும் கறுப்பினப் பிள்ளைகள் குறைவாகவே விலக்கப்படுகின்றனர் என்று காட்டியது. 1954க்குப் பின் துரத்தப்பட்ட அந்த ஆயிரமாயிரம் ஆசிரியர்களை இப்போது நினைத்துப் பாருங்கள்.

ஆனால் எதிர்ப்புறமும் உறங்கவில்லை. தண்டனைகளில் இன வேற்றுமை தென்பட்டால் பள்ளிகள் விளக்கம் சொல்ல வேண்டிவரும் என்று ஒபாமா அரசு 2014 ஜனவரியில் வழிகாட்டுதல் அனுப்பியது. டிரம்ப் அரசு 2018 டிசம்பரில் அதைத் திரும்பப் பெற்றது. மீண்டும் ஆட்சிக்கு வந்தபின், 2025 ஏப்ரலில், இனவாரிக் கணக்கை வைத்துப் பள்ளியைக் குற்றம் காணும் முறையையே கைவிடும்படி ஆணை பிறப்பித்தது. நோய் இல்லை என்று சொல்லவில்லை. நாடி பார்க்காதே என்று சொன்னது!

கடல் கடந்த நாட்டுக் கதை நமக்கெதற்கு என்று எவரேனும் உங்களைக் கேட்கக்கூடும். சமத்துவத்துக்காக உழைப்பவர் எவராயினும் கற்க வேண்டிய பாடம் இதில் உண்டு என்று சொல்லுங்கள். மன்றத்தில் பெற்ற வெற்றியை மாலை சூட்டிக் கொண்டாடிவிட்டு நாம் வீடு திரும்புகிறோம். தோற்ற ஆதிக்கமோ வீடு திரும்புவதில்லை. அலுவலக அறைக்குள் நுழைந்து, பதிவேட்டின் ஓரத்தில், ஒழுங்கு, மரியாதை, அடக்கம் என்ற நல்ல பெயர்களைப் பூண்டு அமர்ந்துகொள்கிறது. அந்த நல்ல சொற்களை எவரும் எதிர்க்கமாட்டார் என்பது அதற்குத் தெரியும்.

ஆகவே, பிள்ளைகளைத் தண்டிக்கும் விதி எதுவாயினும், எந்த நாட்டதாயினும், அதனிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். குற்றம் இன்னது என்று எவர் பார்த்தாலும் விளங்கும்படி எழுதியிருக்கிறதா? தண்டிக்கும் முன் பிள்ளையின் வாய்ச்சொல் கேட்கப்பட்டதா? தண்டனை பெற்றவர் எவரெவர் என்று, இனமும் பாலும் சேர்த்து, கணக்கு வெளியிடப்படுகிறதா? மூன்றுக்கும் ஆம் என்ற விடை கிடைத்தால் அது ஒழுங்கு. கிடைக்காவிட்டால், அதன் பெயர் எதுவாயினும், அது ஆதிக்கம்.

அமெரிக்கப் பள்ளிகளில் இன்றும் ஒரு சிறுமி கையை உயர்த்திக் கேள்வி கேட்கிறாள். அந்தக் கையை ஆர்வம் என்று எழுதுவதா, அடங்காமை என்று எழுதுவதா என்பதை ஓர் எழுதுகோல் முடிவு செய்கிறது. அந்த எழுதுகோலுக்குக் கணக்குக் கேட்கும் வரை, 1954இல் திறந்த கதவு பாதிதான் திறந்திருக்கிறது.